ஆத்தி சூடிய இரு படைகள்

சேரர்க்குப் போந்தை, பாண்டியர்க்கு வேம்பு, சோழர்க்கு ஆர் என்னும் ஆத்தி எனத் தொல்காப்பியம் வழி அறிவோம். களத்தில் தம்மவரையும் மாற்றாரையும் பிரித்துக் காட்டிய அப்பூக்களை அக்காலச் சீருடை எனலாம். ஆயின், பகை ஒரு குடிக்குள்ளேயே மூண்டால் அடையாளம் என்னாகும்?

முதலில் அமெரிக்க உள்நாட்டுப் போரைக் காண்போம். வடவர் நீலம், தென்னவர் சாம்பல் என்பர். 1861 ஜூலை 21இல் வர்ஜீனியாவின் புல் ரன் ஓடையருகே முதற்பெருஞ்சமர் மூண்டபோது அவ்வரையறை நிலைபெறவில்லை. படைப்பிரிவுகள் தத்தம் மாநிலத்தில் தைத்த உடையிலேயே வந்திருந்தன. வடவரின் விஸ்கான்சின் 2ஆம் பிரிவு சாம்பல் உடுத்தி வந்து, தம்மவர் குண்டுகளுக்கே இலக்காயிற்று. தென்னவரின் வர்ஜீனியா 33ஆம் பிரிவினரோ நீல உடையில் முன்னேறினர். வடவரின் பீரங்கித் தலைவர் கிரிஃபின் அவர்களைச் சுட முனைந்தார். மேலதிகாரி பாரி, வருவோர் நம் துணைப்படையினரே எனத் தடுத்தார். சற்றைக்கெல்லாம் அந்நீல வரிசையின் துப்பாக்கிகள் வெடித்தன, பீரங்கிகள் பறிபோயின. மொழியும் முகமும் ஒன்றாயிருக்க, துணியை நம்பாமல் வேறெதை நம்புவது?

இவ்விடத்தில் கோவூர்கிழாரை நினையாதிருக்க இயலவில்லை. நலங்கிள்ளி உறையூரை முற்றியிருந்தான். நெடுங்கிள்ளி உள்ளே அடைத்திருந்தான். இருவரும் சோழர், இருவர் கண்ணியும் ஆத்தியே. புறநானூற்று 45ஆம் பாட்டில் புலவர் அந்த ஒருமையையே எடுத்துக்காட்டிச் சந்து செய்யப் புகுகிறார். எவர் தோற்பினும் தோற்பது அவர்தம் குடியே என்கிறார். துறை துணைவஞ்சி. நம் மாணவர் தேர்வுக்காகத் துறையின் பெயரை மனனம் செய்கின்றனர், ஆத்தியை விட்டுவிடுகின்றனர்.