பாறையைப் பற்றி வளரும் தலைப்பிரட்டை

தவளையின் வாழ்க்கைச் சுழற்சியைக் கற்பிக்கும்போது கரும்பலகையில் நாம் வழக்கமாக வரைவது ஒரு குளம்தான். தேங்கிய நீரில் முட்டைகள், நீந்தும் தலைப்பிரட்டைகள், பிறகு கரையேறும் தவளை. ஆனால் எல்லாத் தவளைகளும் குளத்தில் வளர்வதில்லை. பாய்ந்தோடும் மலை ஓடையில் வளரும் தவளை ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பகுதியில் வாழும் ஊதாத் தவளையை அறிவியல் உலகம் 2003இல் அறிந்தது. அதன் நெருங்கிய உறவான மற்றோர் இனம், திருவில்லிபுத்தூரை ஒட்டிய கிழக்குச் சரிவில் கண்டறியப்பட்டு 2017இல் அறிவிக்கப்பட்டது. கோவையைச் சேர்ந்த ஊர்வன ஆய்வாளர் சு. பூபதியின் நினைவாக அதற்குப் பெயரிட்டனர். இவ்வகைத் தவளைகள் ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் வாழ்ந்து கறையான்களை உண்ணும். இனப்பெருக்கத்துக்காகச் சில நாள்களே வெளியே வரும். கேரள இனம் தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்தையும், நம் இனம் வடகிழக்குப் பருவமழையையும் நம்பியுள்ளன.

இவற்றின் தலைப்பிரட்டைக்கு உறிஞ்சி போன்ற வாய் உண்டு. வெள்ளம் அடித்துச் செல்லாதபடி அதனால் பாறையைப் பற்றிக்கொண்டு, அங்குள்ள பாசியைச் சுரண்டித் தின்னும்.

செயல்பாடு

தேவையானவை: சுவரில் ஒட்டும் ரப்பர் உறிஞ்சி, வழவழப்பான டைல்ஸ் துண்டு, நீர், சிறிது மணல்.

1. டைல்ஸை நனைத்து உறிஞ்சியை ஒட்டி, மெதுவாக இழுக்கச் செய்யுங்கள்.
2. ஈர டைல்ஸின் மீது மணலைத் தூவி மீண்டும் ஒட்டச் செய்யுங்கள்.

இரண்டாம் முறை பிடி நிற்காது. சரிவில் மரங்களை அழித்தால் மழையில் மண் கரைந்து ஓடைப் பாறைகளை மூடும். அப்போது தலைப்பிரட்டைக்கு என்ன நேரும் என்று கேளுங்கள். பிடியும் போகும், உணவும் போகும் என்ற விடையை மாணவர்களே சொல்வார்கள்.

நம் ஊரோடு இணைத்தல்

சத்துவாச்சாரி மாணவர்களுக்குப் பாலாறும் தோல் தொழிலும் அறிமுகமானவை. தவளையின் தோல் வழியே நீரும் ஆக்சிஜனும் உட்செல்லும். நீரில் கரைந்த நச்சும் அதே வழியில் செல்லும். தோல் ஆலைக் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்தது குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்ததைக் கூறி, “அந்த நீரில் தவளையால் வாழ முடியுமா?” என்று விவாதிக்கச் செய்யுங்கள்.

மழைக்காலத்தில் தம் தெருவில் தவளைச் சத்தம் கேட்கும் இடங்களையும் நாள்களையும் மாணவர்கள் குறித்து வரட்டும். தவளைகளைப் பிடிக்க வேண்டாம். காதால் கேட்டாலே போதும். அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே இடங்களில் மீண்டும் கேட்டு ஒப்பிட, அந்தக் குறிப்பேட்டைப் பள்ளியில் பாதுகாத்து வையுங்கள்.