கை வியர்வை: அறுவைச் சிகிச்சை கடைசிப் படியே



விடைத்தாள் நனைந்துவிடும் என்று கைக்கு அடியில் கைக்குட்டை வைத்துப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் உண்டு. முஸாஃபஹாவுக்குக் கை நீட்டத் தயங்கி ஒதுங்கி நிற்கும் இளைஞர்களும் உண்டு. "ஏன் இப்படிப் பயப்படுகிறாய்?" என்று நாம் கடிந்துகொள்கிறோம். இது கோழைத்தனம் அல்ல. வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும் நரம்புகள் தேவைக்கு மேல் வேலை செய்வதால் வருவது. மருத்துவர்கள் இதை ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்கிறார்கள்.

சிறு வயதிலோ பருவ வயதிலோ தொடங்கி, இரு கைகள், பாதங்கள், அக்குள்களில் வியர்த்து, உறங்கும்போது நின்றுவிட்டால், பெரும்பாலும் அதற்குப் பின்னால் வேறு நோய் இருக்காது. ஆனால் உடல் முழுவதும் புதிதாக வியர்த்தாலோ, இரவில் படுக்கை நனைந்தாலோ, காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தாலோ தாமதிக்காதீர்கள். தைராய்டு கோளாறு, காசநோய் போன்றவை உள்ளனவா என்று பரிசோதிக்க வேண்டும். நெஞ்சுவலியுடன் வியர்த்தால் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

சிகிச்சையைப் படிப்படியாகப் பாருங்கள்:

1. அலுமினியம் குளோரைடு மருந்து: இரவில், நன்கு உலர்ந்த தோலில் தடவி, காலையில் கழுவ வேண்டும். வியர்வை குறைந்ததும் வாரம் ஓரிரு முறை போதும். எரிச்சல் வரலாம்.

2. அயன்டோஃபொரெசிஸ்: கை, கால்களைத் தண்ணீரில் வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்துவது. விட்டுவிட்டால் வியர்வை திரும்பும். கர்ப்பிணிகளுக்கும் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் கூடாது.

3. மாத்திரைகள்: கிளைகோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின். வாய் வறட்சி, மலச்சிக்கல் வரலாம். மருத்துவர் சொல்லாமல் வாங்கக் கூடாது.

4. போட்டாக்ஸ் ஊசி: சில மாதங்கள் பலன் தரும், மீண்டும் போட வேண்டும். செலவு அதிகம்.

5. அறுவைச் சிகிச்சை: மார்புக்குள் உள்ள நரம்பைத் துண்டிப்பது. கை உலர்ந்துவிடும். ஆனால் பலருக்கு முதுகு, வயிறு, தொடைகளில் புதிதாக வியர்க்கத் தொடங்கும். சிலருக்கு அது பழைய தொல்லையை விடக் கடுமையாக இருக்கும். துண்டித்த நரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

ஆகவே நகையை அடகு வைத்து அறுவைச் சிகிச்சைக்கு ஓடுவதற்கு முன், அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். முதல் படி பலருக்குப் போதுமானதாக இருக்கும். வெட்கத்தால் பிள்ளைகள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் பரிவோடு கேட்க வேண்டும்.