லாரியின் எடையும் சாலையின் கணக்கும்

ஓடிய தூரத்துக்குச் சாலைக் கட்டணம் என்றதும் எழும் முதல் பயம், செயற்கைக்கோள் வைத்து அரசு நம்மைப் பின்தொடரும் என்பதுதான். நியூசிலாந்தில் இந்தக் கட்டணம் 1978 முதல் இருக்கிறது. அன்று யாருடைய வண்டியிலும் ஜிபிஎஸ் இல்லை. டீசல் கார் வைத்திருப்பவர் ஆயிரம் கிலோமீட்டர் கணக்கில் முன்கூட்டியே உரிமம் வாங்கி முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்வதுதான் இத்தனை ஆண்டு வழக்கம். மீட்டர் அந்த எண்ணைத் தாண்டுவதற்குள் அடுத்ததை வாங்கிவிட வேண்டும். லாரிகளுக்குச் சக்கரத்தின் நடுவில் தூரம் எண்ணும் கருவி உண்டு. மின்னணுக் கருவி விரும்புகிறவர்களுக்கு மட்டும்.

"டீசல்காரர்கள் இரண்டு முறை வரி கட்டுகிறார்கள்" என்பதும் தவறு. பெட்ரோலில் லிட்டருக்குச் சுமார் 70 சென்ட் சாலைக்கென வசூலாகிறது. டீசலில் அது இல்லை. டிராக்டரும் மீன்பிடிப் படகும் ஓடுவது டீசலில். சாலையில் கால் வைக்காதவர்களிடம் சாலை வரி வாங்குவது நியாயமல்ல என்றுதான் பம்பை விட்டுவிட்டுத் தூரத்தைப் பிடித்தார்கள்.

எடை பற்றிய நம்பிக்கைதான் எல்லாவற்றையும்விடப் பிடிவாதமானது: வண்டி இரண்டு மடங்கு கனமானால் சாலைக்குச் சேதமும் இரண்டு மடங்கு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகள் போட்டு, பாரம் ஏற்றிய லாரிகளை அவற்றில் ஓயாமல் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். ஓர் அச்சின் மேல் விழும் பாரம் இரட்டித்தால் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது என்று தெரிந்தது. சாலையின் வகையைப் பொறுத்து இந்த அளவு மாறும். ஆனால் போக்கு மாறாது. ஆகவே மொத்த எடையைப் போலவே, அது எத்தனை அச்சுகளில் பகிரப்படுகிறது என்பதும் முக்கியம். நியூசிலாந்தில் அதே எடைக்குக் கூடுதல் அச்சுள்ள லாரி குறைவாகக் கட்டுவது இதனால்தான். உரிமையாளர்களைச் சாலைக்கு இதமான வண்டி வாங்க வைக்கும் இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன். காலியாகத் திரும்பும் லாரிக்குக் கட்டணம் குறையும் என்று நினைக்க வேண்டாம். 2012-இல் வந்த சட்டப்படி, வண்டியின் வகையும் அனுமதிக்கப்பட்ட எடையும்தான் கணக்கு.

பேட்டரி கனத்தால் மின்கார்கள் சாலையை நாசமாக்குகின்றன என்பதும் இதே கணக்கில் உதிர்ந்துவிடும். இரண்டு டன் மின்காரின் ஓர் அச்சில் விழுவது ஒரு டன். எட்டு டன் தாங்கும் லாரி அச்சு ஒன்று அதைப் போலச் சுமார் 4,000 மடங்கு சேதம் செய்யும்.

மின்கார்காரர்களின் மனக்குறை ஒன்று மட்டும் நியாயமானது. 2024 ஏப்ரல் 1 முதல் அவர்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 டாலர் கட்டுகிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு நான்கு லிட்டர் குடிக்கும் சிறிய பெட்ரோல் ஹைப்ரிட், எரிபொருள் வரியாக அதில் பாதிகூடக் கட்டுவதில்லை. பெட்ரோல் கார்களையும் தூரக் கட்டணத்துக்குக் கொண்டுவரப் போவதாக அரசு 2025-இல் அறிவித்தது. அதை இழுத்தடிக்காமல் செய்ய வேண்டும்.