மூலிகைப் பிளாஸ்திரி: நோவும் பருமனும்

தோலின்மேல் ஒட்டிய மருந்து உடம்பினுட் சென்று பயன் தருமோ என்னும் வினா மேற்போக்காய் நோக்குவார்க்கு எளியதாய்த் தோன்றும். தரும் என்பாரும் உளர். ஒருகாலும் தராது என்பாரும் உளர். இருதிறத்தார் கூற்றிலும் உண்மையுண்டு. எம்மருந்து, எவ்வளவு, எந்நோய்க்கு என்று பகுத்துக் கேளாமையாலேயே வழக்கு முடிவு பெறாது நிற்கின்றது.

கோதையாற்றின் குறுக்கே 1897-இல் தொடங்கி 1906-இல் முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் சென்று, குனிந்தும் நிமிர்ந்தும் பால் வெட்டும் தொழிலாளர்க்கு இடுப்பு நோவும் தோள் நோவும் நீங்காத் துணை. அவர்கள் கடையில் வாங்கும் மூலிகைப் பிளாஸ்திரி ஒன்று. ஊளைச்சதையைக் கரைக்கும் என்று விளம்பரம் செய்து நகர மாந்தர்க்கு விற்கப்படும் பிளாஸ்திரி மற்றொன்று. இரண்டும் ஒரே உருவின. ஒரே வகையாய் ஒட்டப்படுவன. ஆயினும் ஒன்றைப்பற்றிய தீர்ப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. கூலியிற் பிடித்து வைத்த காசு இதில் செலவாகின்றமையின் இவ்வேறுபாட்டை அறிதல் வேண்டும்.

மருந்தைப் புறத்தே இடுதல் நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவ நூலார் அகமருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என வகுத்தனர். பற்று, ஒற்றடம், கட்டு, பொட்டணம், களிம்பு முதலாயின புறமருந்தின்பாற் படும். அவற்றுள் ‘சீலை’ என்பதொன்று. மருந்து தோய்த்த துணியை நோயுற்ற இடத்தில் இடுவது. இற்றைப் பிளாஸ்திரிக்கு இதனினும் நெருங்கிய பெயர் நம் மொழியில் இல்லை என்பேன். வர்ம வைத்தியம் வழங்கும் நம் நாஞ்சில் நாட்டில், நொச்சியிலையை வதக்கி ஒற்றடமிடுவதையும், எண்ணெய் தடவிய ஆமணக்கிலையை மூட்டில் வைத்துக் கட்டுவதையும் அறியாத வீடு அரிது. மேனாட்டாரும் மெழுகிலும் பிசினிலும் மருந்தைக் குழைத்துத் துணியிற் பூசி ஒட்டினர். அதில் ரப்பரைச் சேர்த்து நன்கு ஒட்டும்படி செய்தற்கு 1845-இல் அமெரிக்காவில் உரிமை பெறப்பட்டது. ஆகவே நம் மலைச்சரிவில் வடியும் பால், மருந்தாகாவிடினும், மருந்தைப் பிடித்து நிறுத்தும் தொழிலுக்கு உரியது.

இனித் தோலின் இயல்பைக் காண்போம். தோலின் மேற்புறத்தே, இறந்த உயிரணுக்கள் செங்கல்லைப் போலவும், அவற்றினிடையே நெய்ப்பொருள் சாந்தைப் போலவும் அமைந்த மெல்லிய படலம் ஒன்றுண்டு. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்கே. நீரை உள்ளே விடாது காப்பதும், புறப்பொருள்களைத் தடுப்பதும் இதுவே. மூலக்கூற்று எடை ஏறக்குறைய 500-க்கு மேற்பட்ட பொருள்கள் இதனை ஊடுருவுதல் மிக அரிது. சிறியவற்றுள்ளும் நெய்ப்பசையோடு ஓரளவு இயைவனவே புகும். புகினும், ஒரு நாளில் உட்செல்வது பெரும்பாலும் சில மில்லிகிராம் அளவினதே. எனவே மிகச் சிறு அளவிலேயே ஆற்றல் காட்டும் மருந்துகளுக்கே இவ்வழி ஏற்றது. பயணத்தில் வரும் குமட்டலைத் தடுக்கும் ஸ்கோபோலமின் பிளாஸ்திரி 1979-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது ஊமத்தையின் இனத்துச் செடிகளிற் கிடைக்கும் பொருள். புகையிலைப் பழக்கத்தை விடுவிக்கும் நிக்கோட்டின் பிளாஸ்திரியும் செடியின் கொடையே. ஆதலின் மூலிகையென்பதனாலேயே பிளாஸ்திரியை எள்ளுதல் தகாது.

நோவு நீக்கத்திற்கு வருவோம். இங்கே மருந்து குருதியிற் கலந்து உடலெங்கும் பரவ வேண்டுவதில்லை. தோலிலுள்ள நரம்பு முனைகளைத் தொட்டாற் போதும். மிளகாயின் உறைப்புப் பொருளாகிய காப்சைசின், வெப்பத்தை உணரும் நரம்பு வாயிலைத் திறக்கின்றது. முதலில் எரியும், தொடர்ந்து இடின் அந்நரம்பு முனை சோர்ந்து, நோவைச் சொல்லும் வன்மை குன்றும். இவ்வாயிலை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபெல் பரிசு பெற்றார். (சங்கப் புலவர் ‘கறி’ என்றது மிளகையே; மிளகாய் கடல் கடந்து பிற்காலத்தே வந்தது. வந்த விருந்து வீட்டையே தனதாக்கிக் கொண்டது!) நூற்றுக்கு எட்டுப் பங்கு காப்சைசின் கொண்ட பிளாஸ்திரி, அக்கி ஆறிய பின்னும் நிற்கும் நரம்பு நோவிற்கென 2009-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மருத்துவர் கையால் இடப்படும் அது, ஒருமுறை இட்டால் மூன்று திங்கள்வரை பயன் தரலாம். கடையில் விற்பன அத்துணை வலியன அல்ல. எனினும் இடுப்பு நோவிற்கு மிளகாய்ப் பிளாஸ்திரி வெற்றுப் பிளாஸ்திரியினும் மேலானது என்று 2014-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகின்றது.

புதினாவினத்து மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பை எழுப்பி நோவை மறக்கச் செய்யும். அதனோடு பெரும்பாலும் சேர்க்கப்படும் மெதில் சாலிசிலேட் பற்றியே கருத்து மாறுபடுகின்றது. இவ்விரண்டும் கொண்ட பிளாஸ்திரி ஒன்றுக்கு, தசைப்பிடிப்பு நோவிற்கென, 2008-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. ஆனால் சாலிசிலேட் பூச்சுகளைப் பொதுவாக ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டுத் தொகுப்போ சான்று போதாது என்றது. சுளுக்குக்கு ஓரிரு நாள் ஆறுதல் தரும். மூட்டுத் தேய்வைத் தீர்க்காது. இவ்வளவே அதன்பாற் கொள்ளத்தக்கது.

இனிப் பருமன். இதற்குரிய பிளாஸ்திரிகளிலும் மாத்திரைகளிலும் பெரிதும் பேசப்படுவது நம் மீன்குழம்பிற் போடும் கொடம்புளியே. அதன் தோட்டிலுள்ள ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலத்தை 1965-இல் மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தார் இன்னதென்று தெளிவுறுத்தினர். கொழுப்பு உண்டாவதற்கு வேண்டிய நொதி ஒன்றை அது தடுக்கும் என்று 1969-இல் அமெரிக்காவிற் காணப்பட்டது. அதுமுதல் இக்காய்க்குப் பிறந்தது பெருவாழ்வு. ஆனால் 1998-இல் 135 பேரை இரு பிரிவாக்கிப் பன்னிரண்டு வாரம் நடத்திய சோதனையில், நாடோறும் 1,500 மில்லிகிராம் அவ்வமிலத்தை உண்டவர் சராசரி 3.2 கிலோவும், வெற்று மாத்திரை உண்டவர் 4.1 கிலோவும் குறைந்தனர். இரு பிரிவினரும் உணவைக் குறைத்திருந்தனர், மெலிவித்தது அக்குறைவே. உண்டபோதே பயன் காட்டாத பொருள், தோலின் வழியே எங்ஙனம் காட்டும்? அது நீரை நாடும் அமிலமாதலின் நெய்ப்படலத்தைக் கடத்தல் அரிது. 1,500 மில்லிகிராமை ஒரு சிறு துண்டுத் துணி ஒரு நாளிற் செலுத்துதல் அதனினும் அரிது.

ஒட்டிய இடத்திலேயே கொழுப்பு உருகி வெளியேறும் என்பர் சிலர். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியுள்ளது. அது எரிந்தாலன்றிக் குறையாது. எரிந்தபின் செல்லும் வழியும் தோலன்று. பத்துக் கிலோ கொழுப்பு எரியின் 8.4 கிலோ கரியமில வாயுவாய் மூச்சின் வழியே வெளியேறும், எஞ்சிய 1.6 கிலோ நீராகும். அணிவதனாலோ பூசுவதனாலோ பெரிதும் மெலியலாம் என்னும் விளம்பரம் பொய்யென்று கொள்ளத்தக்க ஏழனுள் ஒன்றாக, அமெரிக்க வாணிகக் கண்காணிப்புக் குழுவினர் 2003-இல் பத்திரிகைகட்கு அறிவித்தனர்.

காசு போவது ஒன்று. தீங்கு வருவது வேறு. மெதில் சாலிசிலேட்டுப் பிளாஸ்திரியின்மேல் வெந்நீர் ஒற்றடமிட்டால் மருந்து மிகுதியாய் உட்புகும். தோல் புண்ணாதலும் உண்டு. நம் வீட்டு வழக்கம் ஒற்றடமாதலின் இதனைச் சிறப்பாகச் சொல்ல வேண்டியதாயிற்று. குருதி உறையாமைக்கு வார்பரின் உண்பவர் மருத்துவரைக் கேளாது இதனை ஒட்டலாகாது. ‘மூலிகை’ என்றெழுதி மூலிகையின் பெயரை எழுதாத உறையை வாங்காதிருத்தல் நன்று. கொடிவேலி வேரைப் போலத் தோலைக் கொப்புளிக்கச் செய்யும் மூலிகைகளும் உள.

நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டம், பருமனையும் வாதநோயையும் தீர்ப்பதாக மருந்தை விளம்பரம் செய்தலைத் தடுத்துள்ளது. முதற்குற்றத்துக்கு ஆறு திங்கள்வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மீண்டும் செய்தாற்குச் சிறை ஓராண்டுவரை நீளும்.