ஆங்கில நிறைவுத் தொடர்வினையும் தமிழ்த் துணைவினைகளும்: அன்றாட வழக்கை முன்வைத்து

முன்னுரை

ஆங்கிலத்தில் 'ஹேவ் பீன்' என்பதனோடு 'இங்' ஈற்று வினை சேர்ந்து வரும் வடிவம், தமிழ்வழி ஆங்கில இலக்கண நூல்களில் 'நிகழ்கால வினைமுற்றுத் தொடர்' என வழங்கப்பெறுகிறது. தமிழ் இலக்கண மரபில் வினைமுற்று என்பது தொடரை முடிக்கும் வினையையே குறிக்கும். செயல் முடிவுற்றதைக் குறிக்காது. ஆதலின் இக்கட்டுரை அவ்வடிவத்தை 'நிறைவுத் தொடர்வினை' எனக் குறிக்கிறது. வகுப்பறையில் இவ்வடிவத்திற்கும் நிகழ்காலத் தொடர்வினைக்கும் 'கொண்டிருக்கிறேன்' என்னும் ஒரே பொருள் பெரும்பாலும் கூறப்படுவதால், மாணவர் இரண்டையும் வேறுபடுத்த இயலாது இடர்ப்படுகின்றனர். இவ்வேறுபாட்டைத் தமிழ் எவ்வாறு உணர்த்துகிறது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டுகள், சேத்தியாத்தோப்பு, விருத்தாசலம் வட்டாரப் பேச்சின் போக்கைத் தழுவிக் கட்டுரையாளரால் அமைக்கப்பட்டவை.

தொல்காப்பியமும் நன்னூலும் காலம் மூன்று என்றே வகுக்கின்றன. செயலின் தொடர்ச்சி, நிறைவு ஆகிய நுண்பொருள்களை இன்றைய தமிழ் துணைவினைகளாலும் காலச்சொற்களாலும் உணர்த்துகிறது.

1. இக்கணம் வரை தொடரும் செயல்

பேருந்துக்காகக் காத்திருப்பவர், 'ரெண்டு மணி நேரமா நின்னுக்கிட்டு இருக்கேன்' என்பார். இங்கு வினை நிகழ்காலத் தொடர்வினையே. கடந்த நேரத்தை இக்கணத்தோடு இணைப்பது, பேச்சில் 'ஆ' எனக் குறுகிய 'ஆக' என்னும் ஈறு. 'காலையிலேருந்து' எனின் தொடக்கப் புள்ளி சுட்டப்படும். முன்னது ஆங்கில 'ஃபார்' என்பதற்கும் பின்னது 'சின்ஸ்' என்பதற்கும் நிகரானவை. தமிழில் காலச்சொல் மட்டுமே ஆற்றும் பணியை ஆங்கிலம் வினையிலும் ஏற்றுகிறது. 'ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் டூ அவர்ஸ்' என மாணவர் எழுதுவது கவனக்குறைவன்று. தாய்மொழி அமைப்பின் நேர்ப்பெயர்ப்பு.

2. காலந்தோறும் நிகழ்ந்துவரும் செயல்

'பீங்கான் தொழிலில் இருபது ஆண்டுகளாக உழைத்து வருகிறார்' என்னும் தொடரில், 'வா' என்னும் துணைவினை கடந்த காலத்திலிருந்து பேசுவோனின் காலம் நோக்கி வரும் இயக்கத்தைக் காட்டுகிறது. அவர் இந்நொடியில் உழைக்க வேண்டுவதில்லை; உறங்கிக்கொண்டும் இருக்கலாம். நெடுங்கால வழக்கத்தைக் குறிக்கும் ஆங்கில நிறைவுத் தொடர்வினைக்கு 'கொண்டிரு' என்பதைவிட 'வா' பொருத்தமானது.

3. ஓய்ந்த செயலின் தடயம்

வெள்ளாற்றங்கரை மண் நனைந்திருப்பதைக் காலையில் காண்பவர் ஆங்கிலத்தில் 'இட் ஹேஸ் பீன் ரெய்னிங்' எனலாம். தமிழர் 'மழை பேஞ்சிருக்கு' என்பர். சிவந்த கண்களைக் கண்டு 'யூ ஹேவ் பீன் க்ரையிங்' எனுமிடத்தும் 'அழுதிருக்கிறாய்' என்பதே இயல்பு. 'அழுதுகொண்டிருக்கிறாய்' எனப் பெயர்த்தால் அழுகை இன்னும் ஓயவில்லை எனப் பொருள் திரியும். இங்கு 'இரு' என்னும் துணைவினை, தடயங்கொண்டு செயலை உய்த்துணர்தலைக் காட்டுகிறது. செயலின் நீட்சி தமிழ் வடிவில் வெளிப்படுவதில்லை.

4. பின்னர் அறியவந்த தொடர்செயல்

'இவ்வளவு நாளாக ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறான்' என்பதில் 'இரு' இருமுறை வருகிறது. முதலாவது நீட்சியையும் இரண்டாவது அச்செயலைப் பின்னர் அறிந்த நிலையையும் உணர்த்துகின்றன. 'ஹீ ஹேஸ் பீன் சீட்டிங்' என்பதற்கு இடம்நோக்கி இவ்வடிவம் நிகராகும். ஆயின், அறியவந்தமையை ஆங்கில வடிவம் கட்டாயமாக உணர்த்துவதில்லை. தமிழ் வடிவம் அதனையும் சேர்த்தே உரைக்கிறது.

முடிவுரை

ஆங்கிலத்தின் ஒரு வடிவம் தமிழில் 'கொண்டிருக்கிற', 'வருகிற', 'இருக்கிற', 'கொண்டிருந்திருக்கிற' என நால்வகையாகப் பிரிகிறது. ஆதலின் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என அட்டவணையிட்டுக் கற்பித்தல் பயன் தராது. செயல் தொடர்கிறதா, வழக்கமாக நிகழ்ந்துவருகிறதா, ஓய்ந்து தடயம் விட்டதா, பின்னர் அறியப்பட்டதா என்னும் வினாக்களைத் தமிழில் எழுப்பிய பின்னரே ஆங்கில வடிவத்தை அறிமுகம் செய்தல் வேண்டும். மாணவரின் அன்றாடப் பேச்சில் இவ்வேறுபாடுகள் முன்பே உள்ளன. அவற்றை அவர்க்கு உணர்த்துவதே ஆசிரியரின் முதற்பணி. மொழிபெயர்ப்பாளர்க்கும் இது பொருந்தும்.