இன்பாக்ஸைப் பூட்டு, படத்தைப் போடு

அன்புள்ள தங்கைக்கு,

போலீஸ் தனிப்பிரிவு ஏட்டு ஒருவர் போனில் கூப்பிட்டு, "சும்மா ஒரு விவரத்துக்குத்தாம்மா கேக்குறேன், அந்தத் தண்ணித்தொட்டி கார்ட்டூன், யாரு சொல்லிப் போட்டீங்க?" என்று விசாரித்ததாக எழுதியிருந்தாய். குரலில் மரியாதை இருந்ததாம், அதனாலேயே பயம் கூடிவிட்டதாம். இனிமேல் வரைவதா, கணக்கை மூடிவிடுவதா என்பது உன் கேள்வி.

அவர் கேட்டதை இன்னொரு முறை படித்துப் பார். ஏன் வரைந்தாய் என்று அவர் கேட்கவில்லை, யார் சொன்னது என்றுதான் கேட்டிருக்கிறார். படம் ஏற்கெனவே அவர் போனில் இருக்கிறது, அதற்காக உன்னைக் கூப்பிட வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது, தொட்டி கட்டாமலே பில் போட்ட கதையை உனக்குச் சொன்ன ஆள். கண்காணிப்பு என்றதும் நமக்கெல்லாம் நம் தலைதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. கார்ட்டூன் போடுகிறவருக்கு ஆபத்து இருப்பது நிஜம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீ விரும்பித்தான் பெயர் போட்டுப் படம் போடுகிறாய். உன்னை நம்பித் தகவல் சொன்னவர் அப்படி எதையும் ஏற்றுக்கொண்டு வரவில்லை.

நம் தொழிலுக்கு இது பழைய கதை. தமிழில் அரசியல் கார்ட்டூனை வழக்கமாக்கியது பாரதியின் 'இந்தியா' வார இதழ். 1908இல் அடக்குமுறை தொடங்கியதும் பாரதி புதுச்சேரிக்குப் போனார், பத்திரிகையும் பின்னாலேயே போனது. பிரெஞ்சு எல்லைக்குள் அவரைத் தொட பிரிட்டிஷ் போலீஸால் முடியவில்லை. அதற்குப் பதிலாக உளவாளிகளை அனுப்பி வீட்டைச் சுற்ற விட்டார்கள், வரும் தபாலையும் போகும் தபாலையும் பார்த்தார்கள், பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வருவதைத் தடுத்தார்கள். 1910இல் 'இந்தியா' நின்றுபோனது. வரைகிறவனைப் பிடிக்க முடியாவிட்டால் அவனுக்கும் மற்றவர்களுக்கும் இடையில் இருக்கும் கம்பியை அறுத்தால் போதும் என்று அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தார்கள்.

இன்ஸ்டாகிராமில் நீ பொதுவில் போடுவதை ஒரு போலீஸ்காரர் பார்ப்பதில் தவறில்லை. பார்க்கட்டும், நல்ல ரசிகராகக்கூட இருக்கலாம். எல்லோர் பேச்சையும் யந்திரம் வைத்து அள்ளி, ஆளுக்கொரு கோப்பு போடுவது வேறு விஷயம். 2018இல் ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 'சோஷியல் மீடியா கம்யூனிகேஷன் ஹப்' என்ற பெயரில் அதற்கு டெண்டரே விட்டது. மாவட்டந்தோறும் ஆட்கள், பல மொழிப் பதிவுகளையும் அலசும் மென்பொருள் என்று திட்டம். அதை எதிர்த்து அரசியல்வாதி மஹுவா மொய்த்ரா உச்ச நீதிமன்றம் போனார். இது கண்காணிப்பு அரசாக ஆகிவிடாதா என்று நீதிபதி சந்திரசூட் கேட்டதும், ஆகஸ்டில் அரசு திட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. டெண்டரைத்தான் திரும்பப் பெற்றார்கள், ஆசையை அல்ல என்பது என் அபிப்பிராயம்.

ஆனாலும் நடைமுறையில் வழக்குகள் யந்திரத்திலிருந்து வருவதைவிட ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து வருவதே அதிகம். கட்சிக்காரர் ஒருவர் பார்த்துக் கொதித்து, போலீஸ் கணக்கை டேக் செய்வார், அவ்வளவுதான். 2012இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மஹாபாத்ரா, மம்தா பானர்ஜியைக் கிண்டல் செய்த ஒரு படத்தைத் தன் குடியிருப்புச் சங்கத்தாருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். படத்தை அவர் வரையவில்லை, ஃபார்வர்டு செய்ததோடு சரி. கைது செய்தார்கள். வழக்குக்கு அடித்தளமாக இருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிரிவு செத்த பிறகும் வழக்கு சாகவில்லை. அவரை விடுவித்தது 2023 ஜனவரியில்.

நம் ஊரில் நடந்ததைக் கேள், சிரிப்பாய். 2021இல் மதுரைப் பக்கத்து இடதுசாரிப் பெரியவர் ஒருவர், மகள் குடும்பத்தோடு சிறுமலைக்குப் போனார். துப்பாக்கிப் பயிற்சிக்குப் போவதாக வேடிக்கையாக எழுதி, படங்களை ஃபேஸ்புக்கில் போட்டார். அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேர்த்ததாக வாடிப்பட்டி போலீஸ் வழக்குப் பதிந்தது! துப்பாக்கியும் இல்லை, பயிற்சியும் இல்லை. காவலில் வைக்க மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழக்கை ரத்து செய்தபோது எழுதிய தீர்ப்பே ஒரு நல்ல நகைச்சுவைக் கட்டுரை, தேடிப் படி. ஆனால் அதைப் படித்துவிட்டு நீதிமன்றம் எப்போதும் இப்படி நம்மோடு சேர்ந்து சிரிக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே.

இனி, பூட்டியிருப்பதாக நாம் நம்பும் பக்கத்துக்கு வருகிறேன். சட்டத்தில் பாதுகாப்பே இல்லையா என்றால், இருக்கிறது. சாவி யாரிடம் என்று பார்க்க வேண்டும். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புப் பிரச்சினையோ இருந்தால் ஒட்டுக்கேட்கலாம் என்றது. எப்படி, எவ்வளவு நாள் என்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் விதியே வகுக்கவில்லை. மனித உரிமை அமைப்பான பி.யு.சி.எல். தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம்தான் வரையறுத்தது: உள்துறைச் செயலாளர் கையெழுத்திட வேண்டும், உத்தரவு இரண்டு மாதம் செல்லும், ஒரு மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவரும் அதிகாரி, மறுஆய்வு செய்கிறவர்களும் அதிகாரிகள். இந்த வரிசையில் எங்கேயும் நீதிபதி கிடையாது. ஒன்றிய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் போடுவதாக 2013இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே தெரியவந்தது. மறுஆய்வுக் குழு கூடுவதோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அப்படியானால் ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்த்தாக வேண்டும் என்று தரவுப் பாதுகாப்பு குறித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் கணக்குப் போட்டுக் காட்டியது. ஒரு பட்டா மாறுதலுக்கு நம் வி.ஏ.ஓ. இதைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வார்.

இணையத்தில் வேலி இன்னும் தாழ்வு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆவது பிரிவுக்கு அவசரநிலை எதுவும் தேவையில்லை, ஏதோ ஒரு குற்றத்தின் விசாரணை என்றாலே போதும். 2018 டிசம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் அந்த அதிகாரத்தைப் பத்து அமைப்புகளுக்குக் கொடுத்து ஆணையிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லி அப்போது ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை.

இந்தத் தீர்ப்புகளால் பயனில்லை என்று சொல்ல வரவில்லை. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு லஞ்ச வழக்கில் 2011இல் போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். ரகசியமாகக் குற்றம் விசாரிப்பது பொதுப் பாதுகாப்பு ஆகிவிடாது, பதிவுகள் மறுஆய்வுக் குழுவின் முன்னாலும் வைக்கப்படவில்லை என்பது அவர் கண்டது. பாதிக்கப்பட்டவர் பதினான்கு வருஷம் காத்திருந்தார். தீர்ப்பு வந்து சேருவதற்குள் உனக்குத் தகவல் சொன்னவரின் வேலை போயிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க வழி வேண்டும் என்ற விவாதம் சூடுபிடித்தது நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். 2018இல் சமூக ஊடகக் கணக்கோடு ஆதாரை இணைக்கக் கேட்டு வந்த மனுக்கள், பிறகு இந்தக் கேள்விக்குத் திரும்பின. முடியும் என்றார் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி. அது சரிப்படாது என்றார் மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று, 2021இல் அரசு அதை விதியாகவே எழுதிவிட்டது. வாட்ஸ்அப் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்குப் போட்டது. ஏட்டு உன்னிடம் கேட்ட அதே கேள்விதான், 'யார் சொன்னது?' என்பதுதான், அங்கே சட்ட மொழியில் இருக்கிறது.

சரி, நீ செய்ய வேண்டியது என்ன?

பெகாசஸ் போன்ற உளவு மென்பொருளைப் பற்றிக் கவலைப்படாதே. உனக்காக யாரும் அவ்வளவு செலவு செய்யமாட்டார்கள். உன் விஷயத்தில் நடக்கப்போவது மிகச் சாதாரணமானது: போனை மேசைமேல் வைக்கச் சொல்வார்கள், திறக்கச் சொல்வார்கள். செய்தி தந்தவர் பெயரைச் சொல்ல மறுக்கும் உரிமையைப் பத்திரிகையாளருக்கே தருகிற தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. உன்னிடம் அந்த அடையாள அட்டைகூட இல்லை. ஆகவே உன் போனில் இல்லாத பெயர்தான் பாதுகாப்பான பெயர். தகவல் வரும் உரையாடல்களில் செய்தி தானாக மறையும் வசதியைப் போட்டு வை. வாட்ஸ்அப் பேக்கப்புக்கும் பூட்டு போடு, பலர் முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லையைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கைரேகைக்குப் பதிலாக எண் பூட்டு வைத்துக்கொள். உன் விரலைப் பிடித்து யாரும் வைத்துவிடலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: நோட்டீஸோ வழக்கோ வந்த பிறகு எதையும் அழிக்காதே, அது தனிக் குற்றமாகிவிடும். இப்போது இருப்பதை என்ன செய்வது என்று வக்கீலைக் கேட்டுச் செய்.

யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற பட்டியலைத் தொலைபேசி நிறுவனங்கள் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதியை மாற்றியிருக்கிறார்கள். பேச்சு கேட்காவிட்டாலும் பட்டியல் காட்டிக்கொடுக்கும். படம் வெளியான அன்றைக்கு, "அக்கா, போட்டுட்டேன் பாருங்க" என்று தகவல் தந்தவருக்கு ஆசையாகப் போன் செய்யும் பழக்கத்தை விடு.

இனி நம் தொழில் சம்பந்தப்பட்டது, இதைக் கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லமாட்டார்கள். அனுப்பிய போட்டோவின் கோணத்திலேயே படத்தை வரையாதே. தொட்டி இருக்க வேண்டிய காலி இடத்தை எந்த ஜன்னலிலிருந்து எடுத்தால் அப்படித் தெரியும் என்று அந்த அலுவலகத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். மேலேயிருந்து எடுத்திருந்தால் கீழேயிருந்து வரை. பதிவேட்டுப் பக்கம் வந்தால் கையெழுத்தை நகலெடுக்காதே, உன் கையெழுத்தில் கிறுக்கு. அவருக்கு மட்டும் தெரிந்திருக்கக்கூடிய தொகையைப் படத்தில் போடாதே, எவ்வளவு அழகான தொகையாக இருந்தாலும். படம் தெளிவாக வரட்டும் என்று சிலர் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புவார்கள். அப்படி அனுப்பினால் எடுத்த நேரம், இடம், போன் மாடல் எல்லாம் கோப்போடு வரலாம். பார்த்து வரைந்ததும் அதை வைத்துக்கொண்டிருக்காதே. வாசகர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை ஸ்டோரியில் போடும்போது மேலே இருக்கிற பெயரை மறைத்துவிட்டுக் கீழே இருக்கிற குழுப் பெயரை விட்டுவிடுகிறாய், நானே பார்த்தேன். நம் தொழிலில் முகத்தை மிகைப்படுத்துவது கலை, தகவல் தந்தவரின் சாயலை அழிப்பதும் அதில் பாதி.

அந்த ஏட்டு விஷயம். போனில் எதற்கும் பதில் சொல்லாதே, எழுத்தில் கேட்கச் சொல், மரியாதையாகவே சொல். அவர் மேலே யாருக்கோ அறிக்கை எழுத வேண்டிய கீழ்நிலைக்காரர், உன் எதிரி அல்ல. சாட்சியாக விசாரிப்பதென்றால் பெண்ணை அவள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. பழைய சட்டத்தில் 160, இப்போதைய பி.என்.எஸ்.எஸ்.ஸில் 179ஆவது பிரிவு. வக்கீல் ஒருவரின் எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் வை, போன் கையில் இல்லாத நேரத்துக்குத்தான் அது வேண்டும். விசாரணை வந்ததைப் பெருமையாக ஸ்டேட்டஸ் போடுவதும் வேண்டாம். கண்காணிக்கப்படுவதைப் பதக்கமாக மாட்டிக்கொள்கிற சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் படத்தில் கொஞ்ச நாளில் அவர்களே கதாநாயகர் ஆகிவிடுவார்கள், தண்ணித்தொட்டி காணாமல் போய்விடும்.

கடைசியாக, எனக்குப் பெரிய கவலை தருகிற ஒன்று. முன்பு உன் படங்களில் ஊராட்சித் தலைவருக்கு ஒரு முகம் இருந்தது, மூக்கு இருந்தது. ஏட்டின் போன் வந்த பிறகு நீ அனுப்பிய மூன்று படத்திலும் ஒரு பொதுவான அரசியல்வாதி, பொதுவான ஊழல், பொதுவான மக்கள். யாருக்கும் வலிக்காது, யாரும் திரும்பவும் பார்க்கமாட்டார்கள். உன்னை யாரும் தடை செய்யவில்லை, நீயே முந்திக்கொண்டாய். 1987இல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காகச் சட்டமன்றம் 'ஆனந்த விகடன்' ஆசிரியர் பாலசுப்ரமணியனைச் சிறைக்கு அனுப்பியது. மன்னிப்புக் கேட்டுத் தப்பிக்கும் வழி அவருக்கும் இருந்தது. அவர் வழக்குப் போட்டார், ஜெயித்தார், அடையாளமாக ஆயிரம் ரூபாய் இழப்பீடு பெற்றார். எல்லோரும் சிறைக்குப் போக வேண்டும் என்று சொல்லமாட்டேன். பயமாக இருந்தால் ஒரு வாரம் வரையாமல் இரு, அதில் அவமானம் இல்லை. அரைமனதாக வரைந்து அனுப்பாதே.

அடுத்த படத்தை அனுப்பும்போது கோடு எப்படி இருக்கிறது என்று என்னைக் கேள், தகவல் தந்தவர் பத்திரமாக இருக்கிறாரா என்று உன்னைக் கேட்டுக்கொள். போடலாமா வேண்டாமா என்று மட்டும் யாரிடமும் அனுமதி கேட்காதே.

அன்புடன்,
அண்ணன்