களிமண் நிலமும் சுண்ணாம்பும்

மெல்பேர்ன் நகரின் மேற்குப் புறநகர்களில் பல வீடுகள், பசால்ட் எரிமலைப் பாறை சிதைந்து உருவான களிமண்ணின்மீது அமைந்துள்ளன. இம்மண் ஈரமான மாதங்களில் நீரை உறிஞ்சிப் பருக்கும். கோடையில் உலர்ந்து சுருங்கிப் பிளக்கும். இந்த அசைவு வீட்டின் எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவாக இல்லாதபோது சுவர்களிலும் வெடிப்பு தோன்றுகிறது.

சுண்ணாம்பு செய்வது என்ன?

களிமண் துகள்கள் மெல்லிய தகடுகள் போன்றவை. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் அத்தகடுகளைப் பிணைத்துச் சிறு கட்டிகளாகத் திரட்டுகிறது. மண் பிடித்துவைக்கும் நீர் குறைவதால் பருத்தலும் சுருங்கலும் குறைகின்றன. பின்னர், களிமண்ணிலுள்ள சிலிக்கா, அலுமினா ஆகியவற்றுடன் கால்சியம் வினைபுரிந்து சிமெந்து போன்ற பிணைப்பை உண்டாக்குகிறது. இதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். இவ்வாறு பதப்படுத்திய மண்ணில் வெடிப்புகள் குறைவாகவும் மெல்லியனவாகவும் இருக்கும்.

எங்கே பயன்படும்?

சாலை, வாகனப் பாதை, புதிய கட்டடத்தின் அடித்தளப் பரப்பு ஆகியவற்றுக்கு இம்முறை ஏற்றது. ஆய்வுகூடச் சோதனைக்குப் பின், பெரும்பாலும் உலர்ந்த மண்ணின் எடையில் 3 முதல் 8 விழுக்காடு சுண்ணாம்பு கலந்து, நீரூட்டி, ஆறவிட்டு, உருளையால் இறுக்குவர். மண்ணில் சல்பேட் மிகுந்திருந்தால் சுண்ணாம்பே நிலத்தைப் பருக்கச் செய்யும். எனவே சோதனையைத் தவிர்க்கலாகாது.

எங்கே பயன்படாது?

கட்டி முடித்த வீட்டைச் சுற்றியுள்ள வெடிப்புகளில் சுண்ணாம்பைக் கொட்டுவதால் பயனில்லை. இறுகிய களிமண்ணுக்குள் அது பரவாது. கலந்த ஆழம் வரையே பலன் தரும். தோட்டக் கடைகளில் கிடைக்கும் சுண்ணாம்புத்தூள் பெரும்பாலும் அரைத்த சுண்ணாம்புக்கல். அது இவ்வினையைப் புரிவதில்லை. சுட்ட சுண்ணாம்போ நீர் பட்டவுடன் கொதித்துக் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும்.

குடியிருப்பாளர்கள் கவனிக்க வேண்டியவை

• வீடு கட்டுவோர் மண் பரிசோதனை அறிக்கையில் நிலத்தின் வகுப்பைப் பார்க்க வேண்டும். எச்1 வகுப்பு நிலம் 40 முதல் 60 மில்லிமீட்டர் வரை அசையக்கூடும்.
• கசியும் குழாய்களை உடனே பழுதுபார்க்க வேண்டும். மழைநீர் சுவரோரம் தேங்கலாகாது.
• பெருமரங்களை வீட்டருகில் நடுதல் கூடாது. அவற்றின் வேர்கள் மண்ணை உலர்த்தும்.
• சுவர் வெடிப்பு 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றால், பூசி மறைக்குமுன் கட்டமைப்புப் பொறியாளரின் ஆலோசனையைப் பெறுதல் நன்று.